நம்பர் கிடைக்காத கிழமை

இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் தோத்திரப் பாடல்கள் இருக்கின்றன. அவற்றை ஓதிவிட்டு வாருங்கள். நடுவில் அக்காவின் வண்ணப்படம் இருக்கிறது. அவர் வளர்த்த விடுதிப் பிள்ளைகள் எடுத்தது, எவ்வளவு சொல்லியும் அவர் சிரிக்க மறுத்த படம். அதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் கட்டுரை. இதில் ‘குறுகிய காலச் சுகவீனத்தின் பின்’ என்ற வரி இல்லை. ‘காலன் கவர்ந்தான்’ என்ற வரியும் இல்லை. காலன் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தது காய்ச்சல். காய்ச்சல் வந்த பிறகு நாங்கள் செய்தவையும் செய்யாமல் விட்டவையும்தான் மிச்சம்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மலர் இல்லை. பயணத் தடை போட்டிருந்தார்கள், அச்சகங்கள் மூடிக் கிடந்தன, மலரைக் கொடுப்பதற்கு எவரும் எங்கள் வாசலுக்கு வரவுமில்லை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டுத் திவசத்துக்கும் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப் போயிற்று. இந்த முறை அச்சுச் செலவை அண்ணா ஏற்றுக்கொண்டார். எழுதுவது அக்காவின் தங்கையாகிய நான். என் எழுத்தை எவரும் தொடக் கூடாது என்பது நிபந்தனை. செய்தி பரவியதும் உறவினர் சிலர் தொலைபேசியில் அழைத்து, நல்லதை மட்டும் எழுது பிள்ளை, ஊர் வாசிக்கும் என்றார்கள். ஊர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா கட்டைபறிச்சானில் பிறந்தார். கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கம். கரைக்கு வந்து நின்றால் திருகோணமலை நகரம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கப்பல்கள் தெரியும், மலை தெரியும், மாலையானால் துறைமுகத்தின் விளக்குகள் தெரியும். எங்கள் ஐயா வயலும் செய்தார், வலையும் இழுத்தார். மூத்தவர் அக்கா, நடுவில் அண்ணா, கடைசி நான். நான் நடை பழகுவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். அம்மா போன அன்றோடு அக்காவின் பள்ளிக்கூடம் முடிந்தது. முடிந்துவிட்டது என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அவர் அடுப்படியில் நின்றார், அவ்வளவுதான்.

ஐயாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது, யுத்தத்தால் குடாவில் போக்குவரத்து நின்றிருந்த காலத்தில். மூதூர் இறங்குதுறையில் அவரை ஒரு பலகையில் கிடத்திவிட்டு, அங்கே நின்ற சீருடைக்காரர் ஒவ்வொருவரிடமும் அக்கா போனார். அவருக்குச் சிங்களம் தெரியாது. வயிற்றைத் தொட்டுக் காட்டினார், அக்கரையைக் காட்டினார், கும்பிட்டார். லோஞ்ச் படகு புறப்படலாம் என்று அனுமதி வந்தபோது ஐயாவுக்கு அது தேவைப்படவில்லை. அதன் பிறகு அக்கா எவரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்த இறங்குதுறையிலிருந்து அவர் எடுத்து வந்தது, நோய் வந்தால் என்ன செய்வது என்ற ஒரே ஒரு கொள்கையைத்தான்.

“வருத்தமெண்டா உடன வெளிக்கிடு. மிச்சத்தைப் போற வழியில யோசி.”

ஊர் கலைந்தது. மீண்டும் கூடியது. மறுபடி கலைந்தது. அந்தக் கதைகள் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன, இங்கே விரிக்கப் போவதில்லை. அண்ணாவையும் என்னையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு அக்கா நகரத்துக்கு வந்து சேர்ந்தார். பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சமையலுக்குப் போனவர் சில ஆண்டுகளில் அந்த விடுதிக்கே பொறுப்பான மேற்றன் ஆனார். அண்ணா படித்தார், பிறகு கடை போட்டார். நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். அக்கா ஏன் கலியாணம் கட்டவில்லை என்று இன்றைக்கும் பந்தியில் இருந்து கேட்கிறீர்கள். உங்களில் எவராவது ஒரு மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் படியேறினீர்களா? இல்லை. அப்படியானால் சோற்றைச் சாப்பிடுங்கள்.

அக்கா சாந்தமானவர் என்று எழுதச் சொன்னார்கள். அக்கா சாந்தமானவர் அல்லர். விடுதிப் பிள்ளைகள் அவரை வாசலில் கண்டால் தலைமயிரை அள்ளிக் கட்டுவார்கள். பாத்திரம் கழுவத் தெரியாத பிள்ளையைப் பார்த்து, உன்னைக் கட்டுறவன் தட்டையும் சேர்த்துத் தின்னுவான் என்பார். ஆனால் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அந்த வாய் அடங்கிவிடும். துவாய் ஒன்று, கோப்பை ஒன்று, மாற்றுச் சட்டை ஒன்று. பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, விடியும் முன் பிள்ளையை அணைத்தபடி அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். ஒருமுறை வயிற்றுநோவில் சுருண்ட பிள்ளையைப் பார்க்க வந்த அதன் மாமா, பின்னேரம் நல்ல டொக்டர் ஒருவரைக் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டலாம், அதுவரை பொறுங்கள் என்றாராம். பின்னேரம் வரைக்கும் உங்கட வயித்தைத் தாங்கோ, பிள்ளைக்கு மாட்டிவிடுறன் என்று சொல்லிவிட்டு அக்கா ஓட்டோவில் ஏறிவிட்டார். அன்றே சத்திரசிகிச்சை நடந்தது. அந்தப் பிள்ளை இன்று கல்முனையில் தாயாக இருக்கிறாள். மலருக்கு அவளும் நாலு வரி எழுதித் தந்தாள்; பின்பக்கத்தில் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் அண்ணா அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். நகரத்துக்குள்ளேயே, மேல்மாடி வைத்துக் கட்டிய வீடு. அண்ணா அக்காவில் உயிரையே வைத்திருந்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்காவுக்குத் தனி அறை, புதுக் கட்டில், புது அலுமாரி. வரிசையில் நிற்பது என்ற ஒன்று மட்டும் அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. ஹாட்வெயார் கடை முதலாளியின் வீட்டார் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓபிடிக் கதவடியில் நம்பர்த் துண்டோடு நிற்பதா? அண்ணாவின் வீட்டில் தும்மினாலும் சனலிங் சென்டர்தான். காலையில் அரசாங்க வாட்டில் இலவசமாகப் பார்க்கும் அதே டொக்டரை, பின்னேரம் குளிரூட்டிய அறையில் காசு கொடுத்துப் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தாலும் முதலில் அவரைச் சனல் பண்ண வேண்டும். அவர் கையால் கடிதம் வாங்கிக்கொண்டு போனால்தான் வாட்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் பாதிப் பேரின் நம்பிக்கை இது. நீங்களும் அப்படித்தான். தலையை ஆட்டாதீர்கள்.

அந்தச் சென்டரில் டொக்டரைப் பார்க்க அண்ணாவுக்கு எப்போதும் முதலாம் நம்பர். அதில் அவருக்கு ஒரு பெருமை.

கொரோனா இரண்டாம் முறை நாட்டை மூடியபோது அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. அண்ணா தெரிந்த ஒருவர் மூலம் வீட்டுக்கே ஆளை எடுப்பித்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பொசிட்டிவ். எங்கும் பதியாத பொசிட்டிவ். சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தால் மதிலில் அறிவித்தல் ஒட்டுவார்கள், கடையை மூடுவார்கள், ஒழுங்கை முழுவதும் எங்களைத் திட்டும். அறிவிக்காமல் விட்டது பயத்தால். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதது வேறு விடயம். அது நம்பருக்காக.

நான் அப்போது நிலாவெளியில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். வீதி முழுக்கச் சோதனைச் சாவடிகள், அனுமதி இல்லாமல் தலை நீட்ட ஏலாது. தொலைபேசிதான் எனக்கு இருந்த ஒரே வழி. அக்காவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். அண்ணா கோபப்பட்டார்.

“நீ நிலாவெளியில இருந்து கதைக்கலாம். அங்க வாட்டில நிலத்தில பாய் விரிச்சுக் கிடக்குதுகள். என்ர அக்கா நிலத்தில கிடக்கிறதோ? ரெண்டு நாள் பொறு. நம்மட டொக்டரைச் சனல் பண்ணி, அவர்ர கடிதத்தோட நல்ல கட்டிலில போடுறன்.”

டொக்டர் எப்போது வருவார் என்று கேட்டேன். இன்றைக்கு இல்லையாம், நாளைக்குத் தொலைபேசி அடித்துப் பார்க்கச் சொன்னார்களாம். நாளைக்கும் இல்லை. மறுநாளும் இல்லை. ஒவ்வொரு காலையும் அண்ணா அந்த இலக்கத்துக்கு அடிப்பார். அங்கே இருந்த பிள்ளை, டொக்டர் இந்தக் கிழமை வரமாட்டார் போல, நாளைக்கு எடுத்துப் பாருங்கோ சேர் என்று இனிமையாகச் சொல்லும். அண்ணாவும் சரி மகள் என்று இனிமையாக வைத்துவிடுவார். அந்த இனிமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஊரெல்லாம் இருமுகிறபோது இருமலுக்கு வைத்தியம் பார்க்கிற மனிதர் ஒரு கிழமையாகத் தன் பின்னேரக் கடையைத் திறக்கவில்லை. அவர் எங்கே நிற்பார் என்று ஒருவருக்குக்கூடவா யோசனை போகவில்லை?

வேறு வழிகளும் தேடினார் அண்ணா. சும்மா இருந்தார் என்று எழுதினால் அது பொய். ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து ஒருவர் வந்து சேலைன் ஏற்றி, நிறத்துக்கு ஒன்றாய்க் குளிசை கொடுத்துப் போனார். விரலில் மாட்டி ஒக்சிசன் அளவு பார்க்கும் கருவி வாங்கினார்கள். பிறகு அண்ணா என்னை அழைத்து, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கொரோனா ஆட்களை வைத்துப் பார்க்கிறார்களாம், கடல் பார்த்த அறை கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வரவேற்பில் இருந்த பையன் மரியாதையாகப் பேசினான். காய்ச்சல் இருந்தால் வரலாம், சாப்பாடும் அறையோடு சேர்த்திதான் என்றான். மூச்சு இழுக்கிறது தம்பி என்றேன். அவன் குரல் இறங்கிப் போயிற்று. மூச்சு இழுப்பு எண்டா எங்களுக்கு ஏலாது மிஸ், அவையை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புறது என்றான்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். காசு வாங்குகிற இடம் நோயில்லாத நோயாளியைத் தேடுகிறது. காசு வாங்காத இடம் நோயாளியைக் கேள்வி கேட்காமல் எடுக்கிறது. அது அண்ணாவின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. காசில்லாததால் வைத்தியம் கிடைக்காமல் இறந்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். என்னுடைய அக்கா காசு இருந்ததால் இறந்தார். பொசிட்டிவ் என்று தெரிந்த அன்றே, ஒரு சதமும் இல்லாத மேற்றனாக அவர் இருந்திருந்தால், பையைக் கொழுவிக்கொண்டு போயிருப்பார்.

அதே நாட்களில் உறவினராகிய நீங்களும் உங்கள் பங்கைச் செய்தீர்கள். கொத்தமல்லி சொன்னீர்கள், வேப்பிலை சொன்னீர்கள், இஞ்சியும் தேனும் சொன்னீர்கள். மாமி ஒருவர் மஞ்சள் ஆவி பிடிக்கச் சொல்லி, பிடித்தாயிற்றா என்று மூன்று வேளையும் கேட்டார். எல்லோரும் மறக்காமல் கேட்ட ஒரு கேள்வி, எங்க பிடிச்சது என்பது. எங்கிருந்து தொற்றியது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம் அல்லவா. எங்கே கொண்டு போகிறீர்கள் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் கேட்டிருந்தால் அண்ணா வெட்கப்பட்டிருப்பார். வெட்கம் வந்திருந்தால் வாகனத்தை எடுத்திருப்பார். அவருக்கு உங்கள் கண்தான் பெரிது, நீங்கள் அறிவீர்கள்.

அக்காவோடு எனக்குக் கிடைத்தது சில நிமிடக் கதைதான். அண்ணி தொலைபேசியை அவர் காதில் வைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுத்தார்.

“எனக்கு வரிசையில நிக்கத் தெரியும்டி. தம்பியை... விடச் சொல்லு.”

கருவி என்ன காட்டுகிறது என்று அண்ணியிடம் கேட்டேன். தொண்ணூறுக்குக் கீழே, விரலை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கிறம் என்றார். விரலை மாற்றிப் பார்க்கிறார்களாம்.

அதற்கு மேல் இருக்க ஏலவில்லை. மீன் வாகனங்களுக்கு மட்டும் வீதியில் அனுமதி இருந்தது. நிலாவெளிக் கரையில் மீன் ஏற்றுகிற ரஹீம் நானா கிண்ணியாக்காரர். எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் ஐஸ் உடைக்க நிறுத்துவார், அவ்வளவு பழக்கம்தான். அவரிடம் போய், கொரோனா வந்த என் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், இடையில் பொலிஸ் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை.

“ஏறுங்க டீச்சர். பொலிஸ் கேட்டா பாரைக்குட்டி எண்டு சொல்றன். கொஞ்சம் பெரிய பாரைக்குட்டி.”

சாவடியில் அவர் அப்படிச் சொல்லவில்லை. மறித்த பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ பேசினார், கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பொலிஸ்காரர் என் பக்கம் பார்த்தார். எனக்கு மூதூர் இறங்குதுறை நினைவுக்கு வந்தது. அவர் தடியை உயர்த்தி, போ என்று காட்டினார்.

அண்ணாவின் வீட்டில் அக்கா கதிரையில் முன்னால் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி இருந்தார். படுத்தால் மூச்சு வராது. உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு போல இருந்தது. அண்ணா தொலைபேசியோடு நின்றார். இன்னும் கொஞ்சம் பொறு பிள்ளை, கொழும்பில ஒருவரோட கதைச்சிருக்கிறன் என்று தொடங்கினார். நான் அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினேன். அண்ணாவின் வாகனம் முற்றத்தில் துணி போர்த்தி நின்றது. அதற்குத் திறப்பு எடுத்து, துணி கழற்றி, வீதி அனுமதியைப் பற்றி விவாதித்து, இதற்கெல்லாம் அக்காவிடம் மூச்சு இல்லை. ரஹீம் நானா இரண்டாவது முகக்கவசத்தை முதலாவதற்கு மேல் கட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்து பிடித்தார்.

“மீன் நாத்தம் மட்டும்தான் ராத்தா. பொறுத்துக்கங்க.”

அக்கா ஏறினார். அண்ணா மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. அண்ணா பயந்தது உண்மைதான். நடைவழியில் நிலத்தில் மெத்தை போட்டிருந்தார்கள். அதில் அக்காவை இருத்தினார்கள். கடிதம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை, யாருடைய ஆள் என்றும் கேட்கவில்லை. பிளாஸ்ரிக் உடுப்புக்குள் வேர்த்துக் குளித்திருந்த தாதி மிஸி ஒருவர் விரலைப் பிடித்துப் பார்த்தார். நான் அக்காவின் வயதைச் சொல்லி முடிப்பதற்குள் மூக்கில் ஒக்சிசன் ஏறிவிட்டது. அற்றென்டன் அம்மா ஒருவர், சிங்களத்தவர், அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்தார். அக்காவின் தோள்கள் மெல்ல இறங்கின. நிலத்தில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, இப்பதான் மூச்சு வருது என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசி முழு வசனம் அது.

நிலத்தில் கிடப்பது மானக்கேடு என்று ஒரு கிழமை முழுக்கக் காத்த குடும்பம் நாங்கள். நிலத்தில்தான் மூச்சு இருந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். முகத்துக்கு முன்னால் கண்ணாடித்தாள், அதற்குள் கறுத்துப்போன கண்கள். அண்ணா ஆளைக் கண்டுபிடித்துவிட்டார், அது அண்ணாவின் டொக்டர். எத்தனையோ முறை முதலாம் நம்பரில் எதிரே இருந்து பார்த்த முகம் அல்லவா. டொக்டரும் அண்ணாவை அடையாளம் கண்டார். அண்ணா நீட்டிய அறிக்கைகளை அல்ல, அக்காவின் உதட்டைப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். அண்ணா சொன்னார். டொக்டர் கோபப்படவில்லை. கோபப்படும் அளவுக்கு அவரிடம் தெம்பு இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

“நான் இஞ்சதானே நிக்கிறன். வீட்டுக்கும் போகேல்ல. நீங்கள் ஏன் என்னை அங்க தேடினீங்கள்?”

அண்ணா சொன்ன பதிலை நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“நம்பர் கிடைக்கேல்ல, டொக்டர்.”

டொக்டர் அடுத்த மெத்தைக்குக் குனிந்துவிட்டார்.

அக்காவுக்கு அன்று மாலையே கட்டில் கிடைத்தது. பிறகு பெரிய இயந்திரம் கிடைத்தது. ஊசிகள் கிடைத்தன. எதற்கும் எங்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை. செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்தார்கள், பிந்திப் போனதை மட்டும் அவர்களால் திருப்ப ஏலவில்லை. சில நாட்களுக்கு முன்னம் கொண்டு வந்திருந்தால் என்று ஒரு இளம் டொக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்கத் தேவையில்லை. அந்த வசனத்தின் மீதியை நான்தான் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவைக் குளிப்பாட்டவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. தைத்து மூடிய பொதியாக வந்தார், தூர நின்று பார்த்தோம், எரித்துச் சாம்பலைத் தந்தார்கள். அவர் வளர்த்த எத்தனையோ பெண்பிள்ளைகளில் ஒருத்திகூட அவர் காலைத் தொட்டு அழ முடியவில்லை. உங்களுக்கும் வர முடியவில்லை, தடை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தடை நீங்கிய பிறகு வந்தீர்களே, தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் சாய்ந்து, அதது எழுதி வைத்தபடி என்றீர்களே, அதைத்தான் சொல்கிறேன். எழுதி வைத்தபடியாம். எழுதி வைத்தவர் யார்? எங்கள் வீட்டில் தொலைபேசி இருந்தது, வாகனம் இருந்தது, ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருந்தது.

இனி நன்றி. இது மலரின் முறை, அதை நான் மீறவில்லை.

ரஹீம் நானாவுக்கு நன்றி. தன் வீட்டிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யாரோ ஒரு ராத்தாவின், யாரோ ஓர் அக்காவின், மூச்சைத் தன் பக்கத்து ஆசனத்தில் ஏற்றினார். பிறகு அவர் தன் வீட்டாரிடமிருந்து ஒதுங்கி, வாகனத்துக்குள்ளேயே படுத்தெழும்பியதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். தடியை உயர்த்திய பொலிஸ்காரருக்கு நன்றி. பெயர் தெரியாத மிஸிக்கும், முதுகைத் தடவிய அற்றென்டன் அம்மாவுக்கும் நன்றி. அந்தக் கை எங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். பின்னேரச் சம்பாத்தியத்தை மூடிவிட்டு வாட்டிலேயே கிடந்த டொக்டருக்கு நன்றி. அக்காவின் படத்துக்காக விடுதிப் பிள்ளைகளுக்கு நன்றி.

இந்தக் கட்டுரையை இந்த இடத்தில் முடித்து, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதியை அண்ணாவுக்கு அனுப்பினேன். தொடக் கூடாது, வாசிக்கலாம் என்று. அந்தப் பிரதியில், தன்னை விடும்வரை அக்கா பொறுமையோடு காத்திருந்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அக்காவைப் பற்றி எல்லோரும் கேட்க விரும்பும் வகையான வரி. அண்ணா கிழித்தெறிவார், அல்லது பணத்தை நிறுத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பஸ் பிடித்து நிலாவெளிக்கு வந்தார். வாகனம் வைத்திருக்கும் மனிதர் பஸ்ஸில் வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. அந்த வரியில் விரலை வைத்தார்.

“இது பிழை. அக்கா காத்திருக்கேல்ல.”

அண்ணாவே சொன்னார். பொசிட்டிவ் என்று தெரிந்த மறுநாள் காலை, அண்ணா சாமியறையில் நின்ற நேரம், அக்கா சேலை மாற்றி, துவாயும் கோப்பையும் வைத்த பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, தனியே கேற்றடிக்குப் போய்விட்டாராம். அப்போது அவருக்கு நடக்க ஏலும். நன்றாக நடக்க ஏலும். அண்ணா ஓடிப்போய், சனங்கள் பாக்குது அக்கா, உள்ள வாங்கோ என்றாராம். அக்கா கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விடு தம்பி, நடந்து போயிடுவன் என்றாராம். அண்ணா அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாராம். கேற்றைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டாராம். அதன் பிறகு அக்கா ஒன்றும் கேட்கவில்லையாம். அவர் எங்களை வளர்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து தன்னோடு கதைக்காமல் இருந்தது அந்த நாட்கள் மட்டும்தான் என்றார் அண்ணா. அண்ணிக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியாது என்றார்.

“இதையும் போடு. என்ர பேரிலயே போடு.”

போட்டுவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

பொறுமையோடு காத்திருந்தார் என்ற வரியை வெட்டிவிட்டேன். எங்கள் அக்கா வருத்தம் வந்ததும் வெளிக்கிட்டவர். நேரத்துக்கு வெளிக்கிட்டவர். அவரை மறித்தவர் அவர் வளர்த்த தம்பி. இந்த மலரின் அச்சுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டவரும், இந்தப் பக்கத்தை அச்சிடச் சொன்னவரும் அவரே. இரண்டுக்குமாக அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. எனக்கு ஏலாது.